நான்காம் நிலாவின் கோயில்

எங்கள் தெருவில் டெக் எடுக்கிற ராத்திரி என்றால் சாயங்காலமே பாயை விரித்து இடம் பிடித்துவிட வேண்டும். 1988, கோடை விடுமுறை. ஆறு வீடுகள் சேர்ந்து காசு போட்டு, கம்பம் கடைவீதியிலிருந்து கலர் டிவியும் டெக்கும் மூன்று கேசட்டும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முதலில் பெரியவர்களுக்காகச் சாமி படம். அடுத்து எல்லோருக்கும் பொதுவாக ரஜினி படம். மூன்றாவது, கொடுத்த வாடகை வீணாகிவிடக் கூடாது என்பதற்காக விடிய விடிய ஓடுகிற படம். பெரும்பாலும் அது இங்கிலீஷ் சண்டைப் படமாக இருக்கும். அது ஓடும்போது தெரு முழுக்கக் குறட்டைச் சத்தம்தான் கேட்கும்.

அன்றைக்கு மூன்றாவது படத்துக்கு விழித்திருந்தவர்கள் நான்கு பேர். ஒன்பது வயது நான், பதிமூன்று வயது அண்ணன், மிஷினுக்குக் காவலாகச் சுவரில் சாய்ந்திருந்த டெக்காரர், வெற்றிலை உரலை இடித்துக்கொண்டிருந்த அம்மாச்சி. படம் நடுவில் கோடு கோடாக ஆடியது. டெக்காரர் எழுந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை மடித்து உள்ளே விட்டு ஹெட்டைத் துடைத்தார். மறுபடி படம் தெளிந்தபோது திரை முழுவதும் வானம். பிறகு செக்கச்சிவந்த ஒரு பெரிய கோள். அதைச் சுற்றிவரும் பச்சை நிலா ஒன்று. அந்த நிலாவுக்குள் கேமரா இறங்கியதும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காடு. காட்டின் தலைக்கு மேலே, மூடுபனியைக் கிழித்துக்கொண்டு, கல் கோயில்களின் உச்சிகள். ஓர் உயரத்தில் ஒற்றை ஆள் காவல் நிற்கிறான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விண்கலம் மரங்களுக்கு மேலாகத் தாழப் பறந்து வருகிறது.

உரல் சத்தம் நின்றுவிட்டது. "ஏய் தாயி, இது நம்ம மங்கலதேவி மாதிரில்ல இருக்கு" என்றாள் அம்மாச்சி.

படம் ஜார்ஜ் லூகாஸ் 1977-ல் எடுத்த 'ஸ்டார் வார்ஸ்' என்பதோ, அந்தக் காட்டு நிலாவுக்கு யாவின் 4 என்று பெயர் என்பதோ அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. வசனம் ஒன்றும் புரியவில்லை. நல்லவர்கள் அந்தக் காட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்கள், கெட்டவர்கள் ஒரு நிலா அளவுக்குப் பெரிய இரும்புப் பந்தில் ஏறி அந்தக் காட்டையே அழிக்க வருகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. அது போதுமானதாகவும் இருந்தது. இரும்புப் பந்து வெடித்துச் சிதறியபோது அண்ணன் போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்த நான்கைந்து பேர் எழுந்து உட்கார்ந்து திட்டினார்கள். கடைசியில் அந்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குள் கூட்டம் கூடுகிறது. இளவரசி இரண்டு வீரர்களுக்குப் பதக்கம் போடுகிறாள். கூடவே நடந்துவந்த, உடம்பெல்லாம் முடி முளைத்த நெட்டை உருவத்துக்குப் பதக்கம் இல்லை. அதை நாங்கள் கரடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"கரடியும் கூடமாட நின்னு சண்டை போட்டுச்சே, அதுக்கு ஒண்ணும் போடலையே" என்று அம்மாச்சி ஆதங்கப்பட்டாள். திரை இருண்டு எழுத்து ஓடத் தொடங்கியதும் டெக்காரரிடம் கேட்டாள்: "ஏம்ப்பா, முடிஞ்சிருச்சா? அந்தக் கோயிலக் கட்டுனவுக யாரு, எங்க போனாகன்னு காட்டவே இல்லையே."

அவரிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

கம்பத்தில் பிறந்தவர்களுக்கு மலை என்பது போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடமல்ல. மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே திரும்பினால் மேகமலை. நடுவில் நெல்லும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாக நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரியவர்கள் "காடு" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்கள். படம் பார்த்த பிறகு அந்த ஒற்றை வார்த்தை எங்களுக்குப் போதவில்லை.

அந்தச் சித்திரா பௌர்ணமிக்கு அம்மாச்சி எங்களை மங்கலதேவி மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போனாள். டிராக்டரில் ஏறி கூடலூர் தாண்டிப் பளியங்குடி. பளியர்கள் குடியிருப்பதால் அந்தப் பெயர். அங்கிருந்து நடை. இருட்டு பிரிவதற்குள் ஏற ஆரம்பித்துவிட்டோம். எழுபது வயதைத் தாண்டிய அம்மாச்சி ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனாள். அவளுக்கும் முன்னால் போன பளியர் பெரியவர் ஒருவர், கேட்காமலே ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டு போனார். ஓரிடத்தில் நின்று, ஒரு மரத்தின் பட்டையில் வெட்டுப்பட்டிருந்த இடத்தைக் காட்டினார். ரத்தம் கட்டியது போலச் சிவப்பாகப் பிசின் உறைந்திருந்தது. "வேங்கை" என்றார். அண்ணன் அந்த மரத்தடியில் குனிந்து, காய்ந்துபோன ஒரு காயை எடுத்தான். வட்டமாக, தட்டையாக, நடுவில் மட்டும் விதை புடைத்து, சுற்றிலும் மெல்லிய இறக்கையோடு இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் டிவியில் பார்த்த தட்டு வடிவ விண்கலத்தை அச்செடுத்தது போல. அதைத் தூக்கி வீசினான். அது சுழன்று சுழன்று, காற்றில் கொஞ்ச நேரம் நின்று, இறங்கியது. அண்ணன் சட்டைப்பை நிறைய வேங்கைக்காய்களோடுதான் மலை ஏறி முடித்தான்.

உச்சியில் புல்வெளிக்கு நடுவே கோயில். சாந்தில்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். பாதி நிற்கிறது, பாதி சரிந்து கிடக்கிறது. கல் இடுக்குகளில் வேர் புகுந்து பெயர்த்திருந்தது. ஒரு பக்கம் குனிந்து பார்த்தால் எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் கட்டம் போட்ட போர்வை போல விரிந்திருந்தது. மறுபக்கம் காடு, காடு, அதற்கப்பாலும் காடு. அண்ணன் ஒரு கல்லின் மேல் ஏறி, அந்தப் படத்துக் காவல்காரன் போல நெற்றியில் கை வைத்து நின்றான்.

மஞ்சள் கயிறும் வளையலும் வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்த பிறகு அம்மாச்சி கண்ணகி கதையைச் சொன்னாள். மதுரை எரிந்த பிறகு ஒற்றை முலையோடு வையைக் கரை வழியாக நடந்து வந்தாள். மலை ஏறி ஒரு வேங்கை மரத்தடியில் நின்றாள். பதினாலு நாள் கழித்து, செத்துப்போன கோவலனோடு வானத்திலிருந்து ஒரு ஊர்தி இறங்கி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"ராக்கெட்டா அம்மாச்சி?" என்றான் அண்ணன்.

"ராக்கெட்டோ ரதமோ, அதைப் பாத்தது யாரு? மலைக்குறவங்க. அவுக கீழ போயி, நாங்க கண்ணால பாத்தோம்னு சேர ராசாகிட்ட சொன்னாக. சொல்லாட்டி இந்தக் கோயிலே கிடையாது."

பெரியவளாகிச் சிலப்பதிகாரம் படித்தபோது அவள் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. குன்றக்குறவர் கண்டு சொன்னதால்தான் செங்குட்டுவன் வடக்கே போகிறான், இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டி வந்து கோயில் எடுக்கிறான். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அந்தக் காப்பியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணகி நடந்த வழியைத் தேடி வந்து, 1963-ல் மங்கலதேவியை அடையாளம் கண்டார். வானத்திலிருந்து ஒரு கலம் காட்டுக்குள் இறங்குகிற கதை எங்கள் மலையில் லூகாஸுக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே நடந்திருக்கிறது. அதற்குச் சாட்சி சொன்னவர்கள் காட்டில் இருந்தவர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் ஒரு எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டை எடுத்து, அந்தப் பச்சை நிலாவுக்கு வரலாறு எழுத ஆரம்பித்தான். சமூக அறிவியல் புத்தகத்தில் இருந்தது போலவே அட்டவணை: ஆண்டு, ஆண்டவர், கட்டியது, கட்டியவர்கள். முதல் மூன்று கட்டங்களை நாங்கள் எளிதாக நிரப்பினோம். ராஜாக்களுக்கு வாய்க்கு வந்த பெயர்களை வைத்தோம். படத்தில் அரைகுறையாகக் கண்டதை வைத்து அந்தக் காட்டுக்கு ஆறுகள் விட்டோம், யானைப் பாதை போட்டோம், சிங்கவால் குரங்கை அப்படியே குடியேற்றினோம். நான்காவது கட்டம் மட்டும் பக்கம் பக்கமாகக் காலியாகவே இருந்தது. கட்டியவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. பாடப் புத்தகத்திலும் அந்தக் கட்டம் கிடையாது, அது அம்மாச்சியின் கேள்விக்காக அண்ணன் சேர்த்தது.

ஒருநாள் அம்மாச்சியிடமே போய்க் கேட்டோம். அவள் உரலை ஓரமாக வைத்துவிட்டு, "அந்தக் காட்டுக் கோயிலு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச ஒண்ணச் சொல்றேன், எழுதிக்க" என்றாள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வருசத்தை எண்ணுவது தனி மாதிரி. "பெரியாத்துத் தண்ணி வர்றதுக்கு முன்னாடி", "பெரியாத்துத் தண்ணி வந்த பெறகு". முல்லைப் பெரியாறு அணை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே எங்கள் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார்கள். அதைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் படம் எங்கள் வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. தை மாதம் அவருக்கும் சேர்த்துத்தான் பொங்கல். அம்மாச்சி அந்தப் படத்தைத் தொட்டுக் கும்பிடாமல் ஒரு நாளும் தோட்டத்துக்குப் போனதில்லை.

"அவரு சாமி. அவரு இல்லாட்டி நம்ம வயித்துல சோறு இல்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பிறகு சொன்னாள். அவளுடைய தாத்தா அந்த அணை வேலைக்குப் போனவர். சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்போடு செங்கல்தூளைச் சேர்த்து அரைத்த சுர்க்கி. அதை அரைக்கிற இடத்தில் வேலை. வெள்ளம் வந்து கட்டினதை அடித்துக்கொண்டு போகும், திரும்பக் கட்டுவார்கள். காட்டுக் காய்ச்சலில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அவரும் திரும்பி வரவில்லை.

அண்ணன் பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டு, "அவரு பேரு என்ன அம்மாச்சி?" என்றான்.

அம்மாச்சி வெகுநேரம் பேசவில்லை. "தெரியாதுப்பா" என்றாள். "எங்க அப்பாயி புருசன் பேரச் சொல்லாது. அந்தக் காலத்துல பொம்பளைக சொல்ல மாட்டாக. எங்கய்யா அப்பக் கைப்பிள்ள. சுண்ணாம்பு அரைக்கப் போனவுகன்னுதான் அது சொல்லும். நாங்களும் சுண்ணாம்புப் பாட்டன்னே சொல்லிப் பழகிட்டோம்."

நான்காவது கட்டத்தில் முதன்முதலாக ஒரு எழுத்து விழுந்தது. சுண்ணாம்புப் பாட்டன்.

அடுத்த வருசம் குமுளி வழியாகத் தேக்கடிக்குப் போய்ப் படகில் ஏறினோம். ஏரி முழுவதும் கறுத்த மரத்தண்டுகள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மரங்கள். நூறு வருசம் ஆகப்போகிறது, இன்னும் விழவில்லை. நீர்க்காகங்கள் அவற்றில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. "காடு நின்ன நெலையிலேயே செத்துருக்கு பாரு" என்றாள் அம்மாச்சி. படகில் இருந்த எல்லோரும் யானையைத் தேடிக் கரையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுடைய பாட்டன் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் எங்கோ இருந்தார்.

2000-க்குப் பிறகு சென்னையில் வேலைக்கு வந்தேன். பழைய புத்தகக் கடை ஒன்றில் 'ஸ்டார் வார்ஸ்' சித்திரக்கதைகள் கட்டாகக் கிடந்தன. அமெரிக்காவின் டார்க் ஹார்ஸ் நிறுவனம் 1993 முதல் வெளியிட்ட வரிசை. படத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்தைய கதை. நின்றபடியே புரட்டினேன். யாவின் 4 வந்தது. அம்மாச்சி கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது.

யாவின் போருக்கு, அதாவது அந்த இரும்புப் பந்து வெடித்த சண்டைக்கு, 5,000 ஆண்டுகளுக்கு முன்பு, நாகா சாடோ என்ற இருண்ட தலைவன் போரில் தோற்று, மிச்சமிருந்த மசாசி வீரர்களோடு அந்தக் காட்டு நிலாவுக்கு ஓடிவந்து ஒளிகிறான். தன் மந்திரத்தால் அவர்களை உருமாற்றுகிறான். தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்ட மசாசிகள் அவனை வணங்கிக் கல் கோயில்கள் எழுப்புகிறார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து எக்ஸார் குன் என்று இன்னொருவன் வருகிறான். மசாசிகளை அடிமையாக்கி மேலும் மேலும் கோயில் கட்டவைக்கிறான். கடைசியில் தான் பிழைக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் அத்தனை பேரின் உயிரையும் உறிஞ்சிவிடுகிறான். அந்தப் போரில் காடும் எரிகிறது. பிறகு காடு திரும்ப முளைத்துக் கோயில்களை மூடுகிறது. நாலாயிரம் ஆண்டு யாருமில்லை. அதற்குப் பிறகுதான் நாங்கள் டெக்கில் பார்த்த வீரர்கள் அங்கே வந்து ஒளிகிறார்கள். அந்தக் கதையுலகத்தில் நாட்காட்டியே அங்கிருந்துதான் தொடங்குகிறது. யாவின் போருக்கு முன், யாவின் போருக்குப் பின். பெரியாத்துத் தண்ணிக்கு முன், பின் என்பது போல.

அன்று ராத்திரியே அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் அப்போதே திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு கம்பத்தில் தங்கிவிட்டிருந்தான். "அண்ணே, அந்தக் கோயிலக் கட்டுனது யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன். எந்தக் கோயில் என்று அவன் கேட்கவில்லை. நான் சொல்லி முடித்ததும், "அம்மாச்சி இருந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னான். அவள் போய் அப்போது நாலு வருசம்.

படத்தில் கண்ட அந்தக் கோயில்கள் நிஜம் என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். குவாத்தமாலாவின் மழைக்காட்டுக்குள் இருக்கும் டிகால், மாயா மக்களின் நகரம். அங்கே சுமார் 65 மீட்டர் உயரமுள்ள நான்காம் கோயிலின் உச்சியில் இருந்துதான் அந்தக் காட்சியை எடுத்திருக்கிறார்கள். அதை எழுப்பிய மன்னன் யிகின் சான் கவீல், காலம் கி.பி. 741-ஐ ஒட்டி என்று கல்வெட்டுகளை வைத்துச் சொல்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டு முடிவதற்குள் மக்கள் நகரத்தைக் கைவிட்டுப் போய்விட்டார்கள். காடு மூடிக்கொண்டது. மன்னன் பெயர் இருக்கிறது. கல் சுமந்தவர்கள் பெயர் இல்லை. நாகா சாடோவுக்குப் பெயர் உண்டு, மசாசிகளுக்கு இனப்பெயர் மட்டும்தான். செங்குட்டுவனுக்குப் பெயர் உண்டு, கண்டு வந்து சொன்னவர்கள் குன்றக்குறவர் மட்டும்தான். பென்னிகுவிக்குக்கு 2013-ல் லோயர் கேம்பில் மணிமண்டபம் திறந்தார்கள். போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம், மனதார. கும்பிடும்போது நான் இரண்டு பேரைக் கும்பிட்டேன்.

2012-ல் கதையின் உரிமை டிஸ்னி நிறுவனத்துக்குப் போனது. 2014-ல் பழைய நாவல்களும் சித்திரக்கதைகளும் சொன்ன வரலாற்றையெல்லாம் 'லெஜண்ட்ஸ்', அதாவது தொன்மங்கள், என்று தனியாக ஒதுக்கிவிட்டார்கள். நான் பழைய புத்தகக் கடையில் படித்த மசாசிகளின் கதை இப்போது அந்தக் கதையுலகத்தின் அதிகாரபூர்வ வரலாறு அல்ல. எனக்கு அதில் வருத்தமில்லை. சுண்ணாம்புப் பாட்டனும் எந்த அதிகாரபூர்வ வரலாற்றிலும் இல்லை. ஒரு கிழவி தன் பேத்தியிடம் சொன்னாள், அந்தப் பேத்தி எங்களிடம் சொன்னாள், அவ்வளவுதான் அவருக்கு ஆதாரம். 2019-ல் வந்த படத்தில் அந்த முடி முளைத்த நெட்டை ஜீவன் சூபாக்காவின் கையில் 42 வருசம் கழித்து ஒரு பதக்கம் வந்து சேர்ந்தது. தியேட்டர் இருட்டில் எனக்கு அம்மாச்சி குரல்தான் கேட்டது.

2015-ல் வந்த புதிய சித்திரக்கதையில் யாவின் 4-க்கு இன்னொரு அத்தியாயம் சேர்ந்தது. போரெல்லாம் முடிந்த பிறகு, ஷாரா பே என்ற பெண் விமானி தன் குடும்பத்தோடு அந்தக் காட்டு நிலாவில் குடியேறுகிறாள். அழிந்துபோன பழைய ஆலயம் ஒன்றிலிருந்து தப்பிய மரக்கன்றை வீட்டு வாசலில் நடுகிறாள். அந்தக் கதையின் எல்லா அத்தியாயங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

காரணம், எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஒரு வேங்கை நிற்கிறது. அன்றைக்கு அண்ணன் சட்டைப்பையில் கொண்டுவந்த காய்களை நாங்கள் மொட்டைமாடியிலிருந்து விண்கலமாக விட்டுத் தொலைத்தோம். மிச்சமிருந்த இரண்டைப் பறித்து, சாணிக் கரைசலில் ஊறவைத்து, அம்மாச்சிதான் மண்ணில் போட்டாள். ஒன்று முளைத்தது. ஆடு கடிக்காமல் இருக்க முள் அடைத்து, இரண்டு கோடை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். நோட்டுப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. மரம் இருக்கிறது. பூக்கிற பருவத்தில் கிணற்று மேடு முழுக்க மஞ்சள் உதிர்ந்து கிடக்கும்.

போன தடவை ஊருக்குப் போனபோது அண்ணன் மகன் அந்த மரத்தடியில் நின்று ஒரு காயைச் சுழற்றி விட்டுக்கொண்டிருந்தான். பத்து வயது. என்னைப் பார்த்ததும், "அத்தை, இந்த மரத்த நட்டது யாரு?" என்றான்.

"உங்கப்பாவோட அம்மாச்சி" என்றேன்.

"அவுக பேரு என்ன?"

சொன்னேன். அவன் திரும்ப ஓடப்போனான். கையைப் பிடித்து நிறுத்தி, "எங்க, நீ ஒரு தடவ சொல்லு" என்றேன். சொன்னான். இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னேன்.